டர்பன் கடலில் ஒரு தெப்பம்

ஆடி பிறந்தால் எனக்கு வேலை கிடையாது. திருத்தணியில் கல்யாணச் சமையல் பிடிக்கிற எவனுக்கும் கிடையாது. அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆவணி முகூர்த்தத்துக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று செல்போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் தென்னாப்பிரிக்காவிலிருந்து என் தங்கை ரேவதி கூப்பிட்டாள். டர்பன் துறைமுகப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, முழங்கால்வரை மாவுக்கட்டு. "ஒரு டீ போட்டுக்கக்கூட முடியல ண்ணா" என்றாள்.

ரேவதி கடல் ஆராய்ச்சி செய்கிறவள். ஏரியிலேயே பாதி வருஷம் தண்ணீர் நிற்காத ஊரில் பிறந்துவிட்டு, கடலில் உண்டாகும் பெரிய நீர்ச்சுழல்களைப் படிக்கப் போனாள். அவள் வேலைக்கு அந்த மாதத்தோடு கெடு முடிகிறது. உருப்படியாக எதையாவது அளந்து காட்டினால் மேலும் சில வருஷம் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டில் எல்லோரும் கூடி, சமைத்துப் போட என்னை அனுப்புவதென்று முடிவெடுத்தார்கள். "வரும்போது அவள கையோட கூட்டினு வந்துடு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கும் அதே ஆசைதான். திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்காக வாத்தியார் வேலைக்குச் சொல்லிக்கூட வைத்திருந்தேன். என் மனைவி சரளா மட்டும் பிரயாணம் நல்லபடி முடிய ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து என் பையில் போட்டாள்.

டர்பன் விமான நிலையத்தில் என் கேழ்வரகு மாவைப் பிடித்துக்கொண்டார்கள். சீருடை போட்ட அம்மா ஒருத்தி பையைப் பிரித்து, மோந்து பார்த்து, "இது என்ன?" என்றாள். என் இங்கிலீஷுக்குக் கூழை விளக்கும் தெம்பு கிடையாது. கரண்டி பிடித்துக் கிண்டுவதுபோலவும், குடிப்பதுபோலவும், வயிறு குளிர்ந்ததுபோலவும் நடித்துக் காட்டினேன். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் சிரித்துவிட்டு, "எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு, புளிக்க வைத்துக் குடிப்போம்" என்று சொல்லி மாவைத் திருப்பித் தந்தாள். புளித்த கூழ் குடிக்கிற ஊர் என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

ரேவதி வீட்டு அடுப்படி என் வீட்டுச் சாமி மாடம் அளவுதான் இருந்தது. அதில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தபோது நொண்டிக்கொண்டே வந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள்.

"அடியில இன்னா கீது ண்ணா?"

"பருப்பு. வேற இன்னா?"

"மேல?"

"தண்ணி."

"கடலும் அப்பிடித்தான். சத்தெல்லாம் அடியில போய் தங்கிடும். வெயில் மேலதான் படும். ரெண்டும் சேந்தாதான் பாசி முளைக்கும், பாசி இருந்தாதான் மீனு. இந்த ஊர்ல யாரு வந்து கிண்டி வுடுறது?"

கரையிலிருந்து கொஞ்ச தூரம்வரை கடல் ஆழமில்லாமல் மேடைபோல இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் கண்டத்திட்டு என்று படித்தது அதுதான். அந்த மேடையின் விளிம்பை ஒட்டி வெதுவெதுப்பான பெரிய நீரோட்டம் ஒன்று தெற்கே பாய்ந்துகொண்டிருக்கிறது. டர்பனுக்கு எதிரே அந்த ஓட்டத்துக்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் அவ்வப்போது பெரிய சுழலாகச் சுற்றத் தொடங்கும். சுற்றும்போது நடுவில் அடித்தண்ணீர், சில்லென்று, சத்தோடு மேலே ஏறி வரும்.

"மேல வந்தா மட்டும் பத்தாது. நாலு நாளாவது அங்கயே கிடக்கணும். அதுக்குள்ள பெரிய ஓட்டம் இழுத்துகினு போய்ட்டா அவ்ளோதான்" என்றாள். எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஆட்டி முடித்த மாவைப் பொங்க விடாமல் இட்லிச் சட்டியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

அதை அளக்கத்தான் அவளிடம் ஒரு மிதவை இருந்தது. பூசணிக்காய் அளவுக்கு ஒரு பந்து. அதற்குக் கீழே, காற்று இழுக்காமல் தண்ணீரோடு போக, பொத்தல் போட்ட நீளமான துணிக்குழாய். தண்ணீரின் சூட்டையும் பச்சையையும் அளந்து, இருக்குமிடத்தை வானத்துக்குச் சொல்லிக்கொண்டே போகும். முன்பு விட்ட இரண்டையும் பெரிய ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இது கடைசி. இது சுழலுக்குள் மாட்டிச் சுற்றினால் அவள் இங்கே. இல்லையென்றால் என்னோடு திருத்தணிக்கு.

அன்று சாயந்தரம் செல்போனில் முகம் பார்த்துப் பேசும்போது ரேவதி இதையெல்லாம் சரளாவுக்கும் சொன்னாள். சரளா பள்ளிப்பட்டுக்காரி. எதையும் இரண்டு முறை கேட்க மாட்டாள்.

"அப்ப அது தெப்பம்னு சொல்லு. எந்தப் பக்கம் சுத்தணும்?"

"இங்க வலமா சுத்தினாதான் அண்ணி சத்து மேல வரும். பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் அப்பிடி. நம்ம வங்கக் கடல்ல இடமா சுத்தணும்."

வங்கக் கடலை சரளா காதிலேயே வாங்கவில்லை. "வலமா? அப்ப முருகனுக்குத்தான்" என்றாள். எங்கள் ஊரில் ஆடிக்கிருத்திகைக்கு மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் தெப்பம் விடுவார்கள். முதல் நாள் சாமி மூன்று சுற்று வருவார். சரளா கண்ணை மூடி, கையைக் கூப்பி, சத்தமாகச் சொன்னாள்: "முருகா, ரேவதி தெப்பம் மூணு சுத்து வந்துட்டா, கிருத்திகைக்கு எங்க பாவா உனக்கு மொட்ட போட்டுக்குவாரு!"

பாவா என்றால் நான்தான். எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் பாதிப் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் தலைமுடியை வேண்டிக்கொள்வதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் என் முடி சாதாரண முடியில்லை. ஐம்பதை நெருங்கியும் ஒரு இழை கொட்டவில்லை, கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறும்போது மாப்பிள்ளைக்குச் சமமாகப் பேசப்படும் முடி.

ரேவதி நொண்டிக்கொண்டே உள்ளே போன பிறகு, "ஏன்டி, உன் முடிய குடுக்கறதுதானே?" என்றேன்.

"தங்கச்சி உன்துதானே பாவா? ஆங், சொல்ல மறந்துட்டன். வேண்டுதல் முடியற வரைக்கும் கவிச்சி தொடக்கூடாது. பையில மஞ்சத் துணி கீது பாரு, அத தெப்பத்துல கட்டிடு."

மறுநாளே மீன் வந்தது. அங்கே ஆடியில் குளிர்காலம். அப்போது மத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வடக்கே ஏறி வருமாம். கடற்கரைக்குப் போனேன். வலையை இழுக்க இழுக்க வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக்கொண்டு வந்தது. வக்கீல் மாதிரி உடை போட்ட ஒருவர் காற்சட்டையை மடக்கிக்கொண்டு வாளியோடு கடலில் இறங்கினார். ஒரு பாட்டியம்மா தன் பாவாடையையே ஏந்தினாள். "பையில் போடு, பையில் போடு! வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்க்கலாம்!" என்று ஒருத்தி தன் புருஷனை விரட்டினாள். நானும் ஒரு வாளி வாங்கி வந்து புளிக்குழம்பு வைத்தேன். ருசி பார்க்க முடியாமல் மீன் குழம்பு வைக்கிற கொடுமையை என் எதிரிக்கும் நினைக்க மாட்டேன். ரேவதி தட்டை வழித்துச் சாப்பிட்டு, "உப்பு கம்மி ண்ணா" என்றாள்.

மிதவையை இறக்கும் நாளில் துறைமுகத்துக்கு நான் தனியாகப் போக வேண்டியிருந்தது. மாவுக்கட்டோடு அவளைப் படகில் ஏற்ற மாட்டார்கள். படகோட்டி ஓட்டுவார், மிதவையை இறக்க ஒரு கை வேண்டும், அந்தக் கை நான். மிதவையை முந்தின நாளே படகுக்கு அனுப்பியாகிவிட்டது. அங்கே சின்ன வேன்கள்தான் பஸ். விரலை வானத்தைப் பார்த்து நீட்டினால் நகரத்துக்குப் போகிற வேன் நிற்கும், தரையைக் காட்டினால் பக்கத்துத் தெருக்களைச் சுற்றுகிற வேன் நிற்கும். எனக்கு அது தெரியாது. கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸை நிறுத்துவதுபோலக் கையைக் கீழே ஆட்டினேன். வேன் நின்றது, ஏறினேன். அது தெருத்தெருவாகப் புகுந்து, வீட்டு வாசலில் எல்லாம் நின்று, ஆட்களை அள்ளிக்கொண்டு, ஏறின இடத்துக்கே என்னைக் கொண்டுவந்து இறக்கியது. பக்கத்திலிருந்தவர், "நேராகப் போகிற வண்டி யாரையும் ஏற்றாதப்பா, சுற்றுகிற வண்டிதான் எல்லோரையும் ஏற்றும்" என்று ஆறுதல் சொன்னார். சென்னை திருப்பதி எக்ஸ்பிரஸ் எங்களைத் தாண்டிப் பறப்பதும், ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஊர் ஊராக நுழைந்து எல்லோரையும் ஏற்றுவதும் நினைவுக்கு வந்தது. கடலில் ரேவதி தேடுவதும் இந்த டவுன் பஸ்ஸைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இந்த முறை விரலை வானத்துக்கு நீட்டித் துறைமுகம் போய்ச் சேர்ந்தேன்.

படகுக்காரர் பெயர் தேவா. அவருடைய முப்பாட்டன் நம் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறியவராம். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தது "ஐயோ", "அண்ணா", "தண்ணி" இந்த மூன்றும்தான். துறைமுகம் தாண்டிய பத்தாவது நிமிஷத்திலிருந்து எனக்கும் முதல் சொல்லைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. தின்ற இட்லி மொத்தமும் இந்துமகா சமுத்திரத்துக்குப் போயிற்று. "பரவாயில்லை அண்ணா, அதுவும் மீனுக்குச் சத்துதான்" என்றார் தேவா.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது கடல் இரண்டு நிறமாக இருந்தது. தூரத்தில் கண்ணைப் பறிக்கும் நீலம். எங்கள் பக்கம் பச்சை, கலங்கல். நீலம்தான் நல்ல தண்ணீர் என்று கை காட்டினேன். தேவா தலையாட்டி மறுத்தார். "அது அழகுக்கு. அதில் ஒன்றும் கிடையாது. பறவை எங்கே இருக்கிறது பாருங்கள்." பச்சைக்கு மேல்தான் வெள்ளைப் பறவைகள் நூற்றுக்கணக்கில் வட்டமிட்டு, இறக்கையை மடக்கி, தலைகீழாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தன. நடுநடுவே டால்பின்களின் முதுகு. இத்தனை வயிறுக்கும் பந்தி போட்டவர் யார் என்று சமையல்காரன் மனசு கேட்டது. வாந்தி நின்றுவிட்டது. இதைப் பார்க்க முடியாமல் ரேவதி வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாளே என்று முதல் முறையாக அவளுக்காக மனசு வலித்தது.

தேவா சொன்ன இடத்தில் மிதவையைத் தூக்கினேன். சட்டைப் பையிலிருந்த மஞ்சள் முடிச்சை, பந்தின் மேலிருந்த வளையத்தில் இறுக்கிக் கட்டினேன். ரேவதியிடம் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டாள். இறக்கிவிட்டு, "அரோகரா" என்றேன். தேவா ஏதோ ஞாபகம் வந்தவராகத் தானும் "அரோகரா" என்றார். ஆக, அவருக்குத் தெரிந்த தமிழ் நான்கு.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் டிவி கிடையாது, மிதவைதான். மணிக்கொரு தரம் திரையில் புள்ளி விழும். முதல் நாள் வடக்கே போயிற்று. அடுத்த நாள் கிழக்கே வளைந்தது. பெரிய ஓட்டத்தின் விளிம்புக்குப் போய் நின்றபோது ரேவதி நகத்தைக் கடித்தாள். அப்புறம் தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, கிளம்பின இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது. வலமாக ஒரு சுற்று. ரேவதி ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுக் கத்தினாள். நான் குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவா என்னை ஒரு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஆடிக் கூழ்! அங்கே அதற்குக் கூழ் பூஜை என்ற அர்த்தத்திலேயே இங்கிலீஷில் பெயர். சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சியிருந்தார்கள். நான் என் கேழ்வரகு மாவைக் கொண்டுபோய் ஒரு அண்டா கிண்டினேன். வேப்பிலை கட்டிய குடத்தை வரிசையாக வைத்திருந்தார்கள். தொட்டுக்கொள்ளக் கருவாடு வேறு. எனக்குத்தான் கொடுப்பினை இல்லை. திரும்பும் வழியில் ஒரு கடையில் அரை ரொட்டியைக் குடைந்து அதற்குள் பீன்ஸ் குழம்பு ஊற்றித் தந்தார்கள். குழம்பைத் தின்று, பிறகு கிண்ணத்தையும் தின்றேன். பந்திக்கு இலை எடுக்கிற வேலையே இல்லாத இந்த ஏற்பாட்டை நம் ஊருக்குக் கொண்டுவரலாம் என்று தோன்றியது.

இரண்டாம் சுற்று முடிந்தது. தண்ணீர் முதலில் இருந்ததைவிடச் சில்லென்று இருப்பதாகவும், பச்சை ஏறுவதாகவும் மிதவை சொன்னது. "இன்னும் ஒரு சுத்து தாங்கினா போதும் ண்ணா. பச்சை அங்கயே நிக்குதுன்னு காட்டிடலாம்" என்றாள் ரேவதி. தூக்கத்தில்கூட இடது கையால் வட்டம் போட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், திருவள்ளூர் கல்லூரி என் மனசிலிருந்து எப்போது நழுவியது என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் சுற்றில் பாதி வந்திருக்கும். காலையில் காபியோடு போனேன். ரேவதி திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். புள்ளிகள் வளைவை விட்டுவிட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.

"கடல்ல நேர்கோடு கிடையாது ண்ணா. யாரோ தூக்கி படகுல போட்டுகினு வரான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மெதுவாகக் கணினியை மூடிவிட்டு, "நாம எப்ப கெளம்பணும்?" என்று கேட்டாள். நான் எதற்காக வந்தேனோ அது கைக்கு வந்துவிட்டது. ஆனால் இப்போது எனக்கு அது வேண்டாம். முருகா, மொட்டை என்ன, மீசையையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று சொன்னேன். நிஜமாகவே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ரேவதியின் போன் அடித்தது. மிதவை மேல் அவள் நம்பர் எழுதியிருந்தது. பேசியவர் பெருமாள் என்கிற மீன்பிடிக்காரர். ரேவதி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, ஏதோ கழன்று வந்த சாமான் என்று தூக்கிவிட்டேன். பாதி வழியில்தான் பார்த்தேன், இதில் மஞ்சள் துணியில் காசு கட்டியிருக்கிறது. யாருடைய வேண்டுதல்?"

ரேவதி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். "என் கருவிமேல துணியா கட்டின? நெஜமாவா ண்ணா?"

"சரளாதான் கட்டச் சொன்னா" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல?

போனில் பெருமாள் தொடர்ந்தார்: "நானும் அம்மனுக்கு விரதத்தில் இருக்கிறேன். பிடிப்பேன், தின்ன மாட்டேன். அடுத்தவர் நேர்ச்சையை வீட்டுக்குக் கொண்டுபோனால் என் பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவாள். இதை என்ன செய்யட்டும்?"

"எடுத்த இடம் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டாள் ரேவதி.

"இல்லாமலா? அங்கே மீன் கொட்டிக்கிடக்கிறது. குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு மட்டும்தான் சொல்வேன்."

"அங்கேயே திரும்ப விட்டுவிடுங்கள் ஐயா. தயவுசெய்து. துணியோடு."

அவர் படகைத் திருப்பினார். நேர்கோடு வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஒரு தேங்காயும் உடைத்து விட்டதாக அப்புறம் சேதி சொன்னார். மிதவை படகில் இருந்த அந்த ஒரு வேளைக் கணக்கை மட்டும் ரேவதி தள்ளிவைத்தாள். மிதவை மறுபடி வளையத் தொடங்கி, தயங்கி, நகர்ந்து, மூன்றாம் சுற்றை முடித்தது. அன்று மேகம் விலகி, வானத்திலிருந்து எடுத்த படமும் வந்தது. சுற்றிலும் நீலம், நடுவில் வெந்தயக்கீரைபோல ஒரு பச்சை வட்டம். அதன்மேல் எங்கள் மிதவை போட்ட மூன்று வளையம். ரேவதி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வேலையை நீட்டிக்கிறோம் என்று அவளுடைய பேராசிரியை போனில் சொன்னபோதும் அப்படியேதான் இருந்தாள்.

நான் தனியாகத் திரும்பினேன். சரளாவுக்கு "மாமியார் நாக்கு" என்று பெயர் போட்ட மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்று வாங்கினேன். விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சந்தோஷம்தான், ஆனாலும் அந்த இருக்கையைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஆடிக்கிருத்திகை அன்று சரவணப் பொய்கையில் கால் வைக்க இடமில்லை. காவடி காவடியாக மஞ்சள். மொட்டை அடிக்கிறவர் என் முடியில் கை வைத்துவிட்டு, "நல்ல முடி சார். இன்னா வேண்டுதல்?" என்றார். "கடல்ல தங்கச்சியோட தெப்பம் மூணு சுத்து வரணும்னு" என்றேன். "வந்துச்சா?" என்றார் அவர். "வந்துச்சு." கத்தியைத் தண்ணீரில் நனைத்தார்.

தெருவில் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள்: "தங்கச்சிய கையோட கூட்டினு வாடான்னா, தலைய குடுத்துட்டு வந்து நிக்கிறியே?" ஆமாம் என்று சந்தனம் பூசிய தலையைத் தடவிக் காட்டினேன்.

சாயந்தரம் தெப்பம் கிளம்பியது. விளக்குகளோடு சாமி முதல் சுற்று வந்துகொண்டிருந்தபோது சரளாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"பாவா, தெப்பத்துல கட்டின அந்தக் காசு எங்க? மலைமேல உண்டியல்ல போட்டாதான் வேண்டுதல் முடியும்."

நான் போனை எடுத்து, மத்தியானம் ரேவதி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். புள்ளி கரையோரம் வடக்கே ஏறிக்கொண்டிருந்தது, நான்காவது சுற்றுக்கு.

சரளா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பொய்கையைப் பார்த்துக் கையைக் கூப்பி, "சரி, இருக்கட்டும். அவ வரும்போது எடுத்துகினு வரட்டும்" என்றாள்.